எல்லையோர வகுப்பறையில் டிஜிட்டல் கதைசொல்லல்: தமிழாசிரியர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை போன்ற ஊராட்சிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரின் வகுப்பில், ஒரே பெஞ்சில் மூன்று வகைப் பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். வீட்டிலும் பள்ளியிலும் தமிழே புழங்குபவர் ஒருவர். வீட்டில் தமிழ் பேசினாலும் மலையாள வழியில் படிப்பதால் தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிப்பவர் இன்னொருவர். தாயின் மொழி தமிழும் தந்தையின் மொழி மலையாளமுமாக இருந்து, இரண்டையும் கலந்தே பேசி வளர்ந்தவர் மூன்றாமவர். தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் இதே நிலைதான். இம்மூவருக்கும் பொதுவான ஒரே பாடம், ஒருவருக்குச் சலிப்பாகவும் மற்றவருக்கு மலைப்பாகவும் அமைந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் நிலையிலிருந்தே தொடங்கி முன்னேற இடம் தருவதால், டிஜிட்டல் கதைசொல்லல் இத்தகைய வகுப்புகளுக்கு மிகவும் பொருந்துகிறது. இம்முறையை முதன்முதலாகக் கையாள விரும்பும் ஆசிரியர்களுக்கும், நூலகங்களிலும் மாலை வகுப்புகளிலும் தமிழ் சொல்லிக் கொடுக்கும் தன்னார்வலர்களுக்கும் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

டிஜிட்டல் கதைசொல்லல் என்பது, ஒருவர் தன் வாழ்விலிருந்து எடுத்த சிறு நிகழ்வைத் தானே எழுதி, தன் குரலிலேயே பதிவு செய்து, அதனுடன் சில நிழற்படங்களையோ ஓவியங்களையோ சேர்த்து, இரண்டு மூன்று நிமிடக் காணொளியாக ஆக்குவதாகும். 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் டேனா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட் முதலியோர் நடத்திய பயிலரங்குகளில் இம்முறை உருப்பெற்றது. 2001இல் பி.பி.சி. வேல்ஸ் நிறுவனம் கார்டிஃப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, வேல்ஸ் நாட்டின் ஊர்களுக்குச் சென்று பொதுமக்களைத் தங்கள் கதைகளைச் சொல்ல வைத்தது. திரைத்தொழில் அறியாத எளிய மக்களுக்காகவே இம்முறை வகுக்கப்பட்டது என்பதை ஆசிரியர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். தொழில்நுட்பம் தெரியாது என்ற அச்சம் இங்கே தேவையற்றது.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். இம்முறையில் மாணவர் மொழியைக் கற்பது இரண்டு இடங்களில்தான்: கதையைத் திருத்தித் திருத்தி எழுதும்போதும், பதிவான தன் குரலைத் தானே கேட்கும்போதும். படங்களை அடுக்குவதும் இசை சேர்ப்பதும் மகிழ்ச்சி தரும் வேலைகளாக இருந்தாலும், அவற்றால் தமிழ் வளர்வது மிகக் குறைவு. எனவே எட்டுப் பாடவேளைகள் கிடைத்தால், அவற்றில் ஆறைக் கதைக்கும் எழுத்துக்கும் குரலுக்கும் ஒதுக்குங்கள்; மீதி இரண்டு மற்ற அனைத்துக்கும் போதும். கணினி அறையில் முதல் நாளே நுழைந்துவிடும் வகுப்புகளில் இந்தக் கணக்கு தலைகீழாகி, இறுதியில் அழகான காணொளியும் பிழை மலிந்த தமிழுமே எஞ்சும்.

தேவையான கருவிகள்

ஒலிப்பதிவு வசதியுள்ள ஒரு கைப்பேசியும், ஒரு மடிக்கணினியும் போதும். மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர அனுமதி இல்லாத பள்ளிகளில் ஆசிரியரின் கைப்பேசியே வகுப்பு முழுவதற்கும் போதுமானது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் அரசு அமைப்பான கைட் நிறுவனம் வழங்கிய மடிக்கணினிகளில், ஒலியைத் திருத்த ஆடாசிட்டியும், காணொளி தொகுக்க ஓப்பன்ஷாட் அல்லது கேடென்லைவும் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். இவை மூன்றும் கட்டணமில்லாக் கட்டற்ற மென்பொருள்கள் என்பதால், இல்லாவிட்டாலும் நிறுவிக்கொள்ளலாம். உயர்நிலைப் பள்ளியாக இருந்தால் அங்குள்ள லிட்டில் கைட்ஸ் என்ற கணினிக் குழுவின் மாணவர்களை உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். கணினிப் பயிற்சி பெற்ற அவர்கள் தொகுப்பு வேலையில் பெரிதும் உதவுவார்கள். ஆசிரியர் மொழியைக் கவனிக்க நேரம் கிடைக்கும்.

முதற்படி: கதையைக் கண்டெடுத்தல்

"ஒரு கதை எழுதுங்கள்" என்று சொன்னால், பாடப்புத்தகத்தில் படித்த நீதிக்கதையே திரும்பி வரும். அதற்கு மாறாக, வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்துவரச் சொல்லுங்கள். தாத்தாவின் பனையேறும் கயிறு, ரேஷன் அட்டையின் பழைய நகல், பொள்ளாச்சிப் பேருந்தின் பயணச்சீட்டு, கடலைச் செடி பிடுங்கும் காலத்தில் அம்மா தலையில் கட்டும் துண்டு, எதுவாயினும் சரி. பொருளைக் கொண்டுவர இயலாதவர்கள் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம்: வேளந்தாவளம் சோதனைச் சாவடி, ஆழியாற்று நீர் திறந்துவிடும் நாளில் நிரம்பும் வாய்க்கால், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பொதுக்குழாய்.

பிறகு மாணவர்களை ஐவர் ஐவராக வட்டமாக அமர்த்தி, ஒவ்வொருவரையும் தன் பொருளைப் பற்றி மூன்று நிமிடம் பேசச் சொல்லுங்கள். இதைக் கதைவட்டம் என்பார்கள். கலிபோர்னியப் பயிலரங்குகளிலும் கதை இங்கிருந்தே பிறந்தது. இந்த நேரத்தில் யாரும் எழுதக்கூடாது, ஆசிரியர் யாருடைய பேச்சையும் திருத்தக்கூடாது. பேச்சு எந்த மொழிக்கலவையில் வந்தாலும் வரட்டும். கேட்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது பேசுபவரின் முகம் மாறுகிறதோ, கதை அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தைக் குறித்துக்கொள்வதே ஆசிரியரின் வேலை.

வீட்டுத் துயரங்கள் இந்த வட்டத்தில் வெளிப்படக்கூடும். அவற்றைச் சொல்ல மாணவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவற்றையே காணொளியாக்கும்படி தூண்டுவது கூடாது. கதையைத் தேர்ந்துகொள்ளும் இறுதி முடிவு மாணவருடையதாகவே இருக்க வேண்டும்.

இரண்டாம்படி: எழுதுதல், திருத்தி எழுதுதல்

இதுவே முழுமுயற்சியின் நடுநாயகமான பகுதி. நீளத்தை முதலில் வரையறுத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் 250 முதல் 300 சொற்கள் வரை எழுதச் சொல்லும். தமிழில் ஒரே சொல்லுக்குள் வேற்றுமையுருபும் இடைச்சொல்லும் ஒட்டிக்கொள்வதால் சொல் நீண்டு, வாசிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆகையால் 120 முதல் 150 சொற்களே போதுமானவை. எழுதியதை மாணவரை வாசிக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தால் சரியான அளவு உங்களுக்கே தெரிந்துவிடும்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் முதல் வரைவை இப்படி எழுதித் தருவதாக வைத்துக்கொள்வோம்:

"எங்க பாட்டி மாந்தோப்புக்கு வேலைக்குப் போகும். விடியால நேரத்துலயே போயிரும். மாங்காய தரம் பிரிக்கும். பெட்டில அடுக்கும். பாட்டி கை எல்லாம் கறுப்பா இருக்கும். எனக்கு பாட்டிய ரொம்ப பிடிக்கும்."

இதன்மேல் சிவப்பு மையைப் பாய்ச்சத் தொடங்கினால், அடுத்த வரைவு இதைவிடச் சிறியதாகவும் உயிரற்றதாகவும் வரும். முதல் சுற்றில் பிழையைத் தொடாமல் கேள்வி மட்டும் கேளுங்கள். கை ஏன் கறுத்தது? அதைப் பற்றிப் பாட்டி எப்போதாவது ஏதாவது சொன்னாரா? எந்த நாள் உனக்கு நினைவிருக்கிறது? இக்கேள்விகளுக்குப் பதில் எழுதியபின் வரும் வரைவு இவ்வாறு அமையலாம்:

"என் பாட்டி முதலமடை மாந்தோப்பில் வேலை செய்கிறார். விடியும் முன்பே புறப்பட்டுவிடுவார். காம்பை முறிக்கும்போது மாங்காயிலிருந்து பால் பீறிடும். அது பட்ட இடம் வெந்து கறுத்துவிடும். ஒரு நாள் மாலையில் என் தலையை வாரிவிடும்படி கேட்டேன். 'இரு கண்ணு, கைய நல்லாக் கழுவிப்போட்டு வர்றேன். உம் மூஞ்சில பட்டா எரியும்' என்றார். மூன்று முறை சோப்புப் போட்டும் அந்தக் கறுப்பு போகவில்லை."

இரண்டாம் வரைவில் "ரொம்பப் பிடிக்கும்" என்ற வாக்கியம் இல்லை. அது இல்லாமலேயே கேட்பவருக்கு விளங்கிவிடுகிறது. மொழிக் கல்வியின் நோக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். கதை சொல்பவரின் வாக்கியங்கள் எழுத்துத் தமிழிலும், பாட்டியின் பேச்சு வீட்டுத் தமிழிலும் இருக்கின்றன. எல்லையோர மாணவர்களுக்கு நான் அழுத்தமாகப் பரிந்துரைக்கும் விதி இதுதான்: கதைசொல்லி எழுத்துத் தமிழில் பேச வேண்டும், கதைமாந்தர் தம் வீட்டில் பேசுவதுபோலவே பேச வேண்டும். பாட்டியின் கொங்குத் தமிழோ, மாமாவின் மலையாளம் கலந்த தமிழோ, தோட்டத்துக் கங்காணியின் பேச்சோ எதையும் "திருத்த" வேண்டாம். தன் வீட்டுப் பேச்சைத் தவறென்று நினைத்து வெட்கப்படும் பிள்ளைக்கு அதன் இடம் எது என்பதும், எழுத்துத் தமிழின் இடம் எது என்பதும் ஒரே கதைக்குள் புரிந்துவிடுகின்றன. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுவேறு என்று கரும்பலகையில் எழுதி விளக்குவதைவிட இது ஆழப் பதிகிறது.

இரண்டாவது சுற்றில்தான் இலக்கணம் வர வேண்டும். அப்போதும் ஒரு கதைக்கு ஓர் இலக்கணக் கூறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைப் பகுதியில் முதலில் எடுக்கத் தக்கது வினைமுற்று விகுதி. மலையாள வினைமுற்று, ஆண், பெண், ஒருமை, பன்மை என எதுவாயினும் ஒரே வடிவத்தில் நிற்கும். ஆகவே மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகள் தமிழ் எழுதும்போது "மாமா வந்தாள்", "அவர்கள் போனது" என்று விகுதியை மாற்றிவிடுவது இயல்பே. ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், குப்பம் பகுதிகளில் கற்பிப்பவர்கள் வேறொன்றைக் காண்பார்கள்: தெலுங்கில் பெண்பால் ஒருமைக்கும் அஃறிணை ஒருமைக்கும் ஒரே விகுதி வருவதால், "அக்கா வந்தது" என்ற வடிவம் எழுத்திலும் புகுந்துவிடும். பாட்டியைப் பற்றிய கதையை எழுதும் மாணவி, செய்கிறார், புறப்படுவார், என்றார் என ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மரியாதை விகுதியைத் தானே இட்டுக்கொண்டு போகும்போது, பயிற்சித்தாளில் கோடிட்ட இடங்களை நிரப்பிப் பெற முடியாத உறுதி அதில் கிடைக்கிறது. வினைமுற்றுகளை மட்டும் வட்டமிட்டு, யாருடைய செயல் அது என்று பக்கத்தில் எழுதச் சொன்னால் பெரும்பாலான பிழைகளை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த கதையில் ஒற்று மிகுதலையோ வேற்றுமையுருபையோ எடுத்துக்கொள்ளலாம்.

எழுதத் தெரியாத சிறு வகுப்புப் பிள்ளைகள் சொல்வதை ஆசிரியர் அப்படியே எழுதிக்கொண்டு, உரக்க வாசித்துக் காட்டி, மாற்ற விரும்புவதை அவர்களையே கேட்டு மாற்றலாம். கைப்பேசியின் குரல்வழித் தட்டச்சு இதற்குப் பயன்படும் என்று தோன்றும். ஆனால் அது குழந்தையின் வட்டார ஒலிப்பைத் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிப் போட்டுவிடுவதால், இந்தக் கட்டத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. முன்மாதிரி காட்ட விரும்புவோருக்குப் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் படங்களோடு கூடிய தமிழ்ச் சிறுவர் கதைகள் பல, திறந்த உரிமத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மூன்றாம்படி: குரல்

முப்பது மாணவர்கள் உள்ள வகுப்பில் எல்லாக் கதைகளையும் காணொளியாக்குவது நடைமுறையில் கடினம். ஆனால் முப்பது பேரின் குரலையும் பதிவு செய்ய முடியும், அதை விட்டுவிடாதீர்கள். காணொளியாகும் கதைகளைப் பின்னர் மாணவர்களே தேர்ந்துகொள்ளட்டும்.

பதிவுக்கு அமைதியான இடம் வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் காற்றில் சன்னல் திறந்த வகுப்பறையில் பதிவு செய்தால், வாசிப்பு முழுவதும் இரைச்சலில் மூழ்கிவிடும். புத்தக அலமாரிகள் நிறைந்த நூலக அறை மிகச் சிறந்தது. புத்தகங்கள் எதிரொலியைக் குறைக்கும். மின்விசிறியை நிறுத்தி, கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் "ப" வரும் இடமெல்லாம் மூச்சுக்காற்று வெடித்துக் கேட்கும். கதையை ஒரே மூச்சில் பதிவு செய்யாமல் பத்தி பத்தியாகப் பதிவு செய்தால், தவறிய பத்தியை மட்டும் மீண்டும் வாசித்தால் போதும்.

பதிவு முடிந்தவுடன் ஆசிரியர் கருத்துச் சொல்லக்கூடாது. மாணவர் முதலில் தன் குரலைத் தனியே கேட்டு, தயங்கிய இடங்களைத் தாளில் கோடிட வேண்டும். அடுத்து அவருடைய இணை கேட்டு, புரியாத சொற்களைக் குறிக்க வேண்டும். மூன்றாவதாகத்தான் ஆசிரியர் வருகிறார். தன் குரலைக் கேட்கும் பிள்ளை, ஆசிரியர் பத்து முறை சொல்லியும் உணராத லகர ளகரப் பிசிறையும், ரகர றகர மயக்கத்தையும் தானே உணர்ந்து, "டீச்சர், நான் இன்னொரு தடவை வாசிக்கட்டுமா?" என்று கேட்கும். வாசிப்புப் பயிற்சிக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.

இணைகளை அமைக்கும்போது, மலையாளத்தில் ஊறிய பிள்ளையையும் தமிழில் ஊறிய பிள்ளையையும் சேர்த்து அமர்த்துங்கள். மலையாளத்தில் மழ, பழம் போன்ற சொற்களில் ழகர ஒலி பேச்சிலும் தெளிவாக இருக்கிறது. தமிழின் பல வட்டாரப் பேச்சுகளிலோ அது ளகரமாகிவிட்டது. எனவே ழகரத்தைப் பொறுத்தவரை மலையாளப் பின்னணி உள்ள பிள்ளையே ஆசிரியராக முடியும். வினைமுற்றில் தயங்கும் அதே பிள்ளை ழகரத்தில் வழிகாட்டும்போது, வகுப்பில் யாரும் முழுக்கப் பின்தங்கியவர் இல்லை என்பது எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிகிறது.

நான்காம்படி: படங்கள்

எட்டு முதல் பன்னிரண்டு படங்கள் போதும். இணையத்தில் தேடி எடுத்த படங்களைத் தவிருங்கள். அவற்றுக்கு உரிமையாளர் உண்டு என்பதோடு, யாரோ ஒருவரின் மாந்தோப்பு இந்தப் பாட்டியின் மாந்தோப்பு ஆகாது. கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்து எடுத்த படங்களும், மாணவர்கள் வரைந்த ஓவியங்களும் சிறந்தவை. குரல் சொல்வதையே படமும் சொல்ல வேண்டியதில்லை. பாட்டியின் முகத்தைக் காட்டாமல் கையையும் சோப்புக் கிண்ணத்தையும் காட்டினாலே கதை நிறைவாகும், தனியுரிமையும் காக்கப்படும்.

படத்தில் வரும் பெரியவர்களிடம் அனுமதி கேட்பதை மாணவரின் வேலையாகவே வைத்து, அந்த வேண்டுகோளைத் தமிழில் எழுதிக் கொடுக்கச் செய்தால் அதுவும் ஒரு கடிதப் பயிற்சியாகும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. ஆகையால் மாணவரின் முகமும் பெயரும் உள்ள காணொளியைப் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இன்றிப் பொதுத்தளங்களில் ஏற்றக்கூடாது. பள்ளிக்குள் திரையிடவும் தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

ஐந்தாம்படி: தொகுத்தல்

ஓப்பன்ஷாட்டில் முதலில் குரல் கோப்பை இட்டு, அதன்மேல் படங்களை அடுக்குங்கள். படத்தை முதலில் அடுக்கினால் குரலை அதற்கேற்ப வெட்ட வேண்டி வரும். ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறும் எளிய மாற்றம் ஒன்றே போதும். பின்னணி இசை வேண்டுமென்று மாணவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் சில நொடிகளுக்கு அனுமதித்து, குரல் ஒலிக்கும் இடத்தில் இசையை நிறுத்திவிடுவதே என் பரிந்துரை, ஏனெனில் கேட்டல் பயிற்சிக்கு இந்தக் காணொளி பிறகு பயன்பட வேண்டும்.

புதியவர்களைத் தடுமாற வைக்கும் சில சிக்கல்களை மட்டும் குறிப்பிடுகிறேன். கைப்பேசியிலிருந்து கணினிக்குக் கோப்புகளை வாட்சாப் வழியாக அனுப்பும்போது, படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். இல்லையேல் தரம் குறைந்துவிடும். பல கைப்பேசிகள் குரலை எம்4ஏ வடிவில் சேமிக்கின்றன. ஆடாசிட்டி அதைத் திறக்க மறுத்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற துணைநிரலை நிறுவ வேண்டும், அல்லது கோப்பை நேரடியாக ஓப்பன்ஷாட்டிலேயே இட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது சிக்கல் தமிழ் எழுத்து. சில தொகுப்புச் செயலிகளில் "கொடி" என்று தட்டினால், கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் தனித்துத் தொங்கும். அந்தச் செயலி தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வரையத் தெரியாதது என்பதே காரணம். நீங்கள் தட்டியது தவறில்லை. லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ் என்ற விளக்கக்காட்சி மென்பொருளில் தலைப்பையும் வரிகளையும் யூனிகோடு எழுத்துருவில் அடித்து, அந்தச் சட்டகத்தைப் படமாகச் சேமித்து, காணொளியில் படமாகவே சேர்த்துவிட்டால் எழுத்து சிதையாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது வேறு கணினியில் புரியாத குறிகளாக மாறிவிடும் என்பதால் அவற்றைத் தவிருங்கள். இவ்வளவு உழைப்பில் உருவான தமிழ், கடைசிக் கட்டத்தில் திரையில் உடைந்த எழுத்தாகத் தெரிய விடுவது மாணவருக்குச் செய்யும் அநீதி.

மதிப்பிடலும் பிற்பயனும்

மதிப்பெண் தர வேண்டியிருந்தால், முதல் வரைவிலிருந்து இறுதி வரைவு வரை எழுத்தில் ஏற்பட்ட வளர்ச்சிக்குப் பாதியும், வாசிப்பின் தெளிவுக்கு மீதியில் நான்கில் மூன்று பங்கும், இணைக்குச் செய்த உதவிக்கு எஞ்சியதும் தரலாம். காணொளியின் அழகுக்கு மதிப்பெண் வேண்டாம். வீட்டில் கணினி உள்ள பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் இடையிலான வேறுபாடே அதில் மதிப்பெண்ணாக மாறும். வரைவுகளைத் தேதியிட்டு ஒரே கோப்பில் வைத்திருந்தால், பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையின் முன்னேற்றத்தை நேரடியாகக் காட்டலாம்.

திரையிடல் முடிந்ததும் கதைகளைப் பாடப்பொருளாக்குங்கள். காணொளியை ஒலி மட்டும் கேட்க வைத்து, கேட்டதை ஐந்து வாக்கியங்களில் எழுதச் சொல்லலாம். படங்களை மட்டும் ஒலியின்றி ஓடவிட்டு, இன்னொரு மாணவரைக் கதை சொல்லச் சொல்லலாம். பாட்டியின் பேச்சை எழுத்துத் தமிழாகவும், கதைசொல்லியின் வாக்கியத்தை வீட்டுப் பேச்சாகவும் மாற்றச் சொல்வது மேல் வகுப்புகளுக்கு நல்ல பயிற்சி.

காணொளியின் படி ஒன்றை மாணவரின் குடும்பத்துக்கும், பெற்றோர் ஒப்புதல் இருந்தால் இன்னொன்றைப் பள்ளி நூலகக் கணினிக்கும் தாருங்கள். கோப்புப் பெயரில் வகுப்பும் ஆண்டும் கதைத் தலைப்பும் மட்டும் இருக்கட்டும். மாணவர் பெயர் வேண்டாம். அடுத்த கல்வியாண்டில் புதிதாக வரும் வகுப்புக்கு, முதல் பாடவேளையில் இவற்றிலிருந்து இரண்டு கதைகளைக் காட்டிவிட்டு, வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்துவரச் சொல்லலாம்.